ஆறாம் எண் பதில்

காலையில் எட்டு மணிக்கு அலுவலகத்துக்கு வந்து, பனிக்காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு, காப்பி ஊற்றிக்கொண்டு நான் உட்காரும்போது கேள்விகள் எனக்கு முன்னாலேயே வந்திருக்கும். பதினோரு வருடமாக இதே கதை. நான் எழுதிய மென்பொருள் தனியாக ஓடி எந்த வேலையும் செய்யாது. மற்றவர்கள் தாங்கள் கட்டும் மென்பொருளுக்குள் அதை ஒரு பாகமாக வைத்துக்கொள்வார்கள். இலவசம் என்பதால் உலகம் முழுக்க வைத்துக்கொண்டார்கள். சந்தேகம் வந்தால் எல்லோரும் ஒரே இணைய மன்றத்தில் எழுதுவார்கள். அங்கே பதில் சொல்ல இருந்தது ஒரே ஆள். டோர்கெல் சண்ட்லுண்ட், ஊமியோ நகரம், வயது ஐம்பத்து நான்கு. அதாவது நான்.

அது என்ன வேலைதான் செய்கிறது என்று என் அக்கா ஒரு கிறிஸ்துமஸ் சமயம் கேட்டாள்.

"ஒரு மென்பொருளுக்குள்ள ஆயிரக்கணக்குல குட்டி ஆளுங்க இருக்காங்கன்னு வெச்சுக்கோ. ஆக்டர்னு பேரு. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு தபால் பெட்டி. கடிதம் வந்தா எடுத்துப் படிச்சு வேலை பார்ப்பான். திடீர்னு செத்துப் போனா, மறுபடி பொறக்கும்போது ஒண்ணும் ஞாபகம் இருக்காது. அதனால நடந்ததை எல்லாம் ஒரு பதிவேட்டுல வரிவரியா எழுதிட்டே வருவான். பொறந்ததும் முதல் வரியிலேர்ந்து படிச்சு, தான் யாருன்னு தெரிஞ்சுப்பான். அந்தப் பதிவேடுதான் நான் செஞ்சது."

"செத்த பிறகும் வேலையா? பாவம்," என்றாள் அக்கா. அதற்கு மேல் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல கேள்வி கேட்கிற ஆள் அவள்.

மன்றத்துக்கு வருகிறவர்கள் அப்படி இல்லை. பாதிக்கு மேல் சோதனையைப் பற்றியே கேட்பார்கள். ஆக்டர் உண்மையிலேயே எழுதினானா என்று எப்படிச் சோதிப்பது? சோதனைக்குள் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும்? இரண்டு நொடி காத்திருந்தால் சோதனை தேறித் திரையில் பச்சை வருகிறது, ஒரு நொடி என்றால் சிவப்பு வருகிறது, ஏன்? என் கணினியில் பச்சை, நண்பர் கணினியில் சிவப்பு, ஏன்? முதல் நான்கு வருடம் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து கடிதம் போல எழுதினேன். நன்றி சொன்னவர்கள் உண்டு. சொல்லாமல் போய், அடுத்த வாரம் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டவர்களும் உண்டு. ஐந்தாம் வருடம் அடிக்கடி சொல்ல நேர்கிற பதில்களை ஒரு கோப்பில் போட்டு எண் கொடுத்தேன். பதினான்கு பதில்கள். கேள்வியின் முதல் இரண்டு வரியைப் படித்தால் எண் தெரிந்துவிடும். ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

ஆறாம் எண் இது: "சோதனைக்குக் கணினியின் வட்டில் எழுதத் தேவையில்லை. தற்காலிகப் பதிவேட்டைப் பயன்படுத்தவும். பச்சை வந்தால் போதும். கையேட்டின் ஏழாம் அத்தியாயத்தைப் பார்க்கவும்."

அக்டோபரில் 'ஒன்பதாம் தடம்' என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார். நீளமான கேள்வி. அன்று அதை நான் முழுக்கப் படிக்கவில்லை. பிறகு பலமுறை படித்திருக்கிறேன், அதனால் மனப்பாடம்.

"என் சோதனைகள் எல்லாம் பச்சை. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தற்காலிகப் பதிவேடு எதையும் எழுதுவதில்லை. கொடுத்ததைக் கையில் வைத்திருந்து அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. எங்களிடம் எட்டு வருடத்துக்கு முன் எழுதப்பட்ட வரிகள் இருக்கின்றன. இப்போது அந்த வரியின் வடிவத்தை மாற்றப் போகிறோம். ஆக்டரைக் கொன்று, பழைய வரிகளை உண்மையான வட்டிலிருந்து படிக்கவைத்து, அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை எப்படி எழுதுவது? படிக்க முடியாத வரி வந்தால் உங்கள் மென்பொருள் என்ன செய்யும்?"

நான் ஆறாம் எண்ணை ஒட்டினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "நான் கேட்டது இது இல்லை." 'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று முத்திரை குத்திக் கேள்வியை மூடினேன். மூடிய கேள்வியில் யாரும் மேலே எழுத முடியாது. அன்று இன்னும் இருபத்திரண்டு கேள்விகள் காத்திருந்தன. முதுகு வலித்தது. இதை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. அன்றைய நிலைமை அதுதான்.

ஜனவரி கடைசியில், ஒரு புதன்கிழமை, எனக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் வந்தது. "என் பெயர் இல்வா கிரான்ஸ்ட்ரோம். ஒன்பதாம் தடம் நான்தான். நாளைக் காலைப் பேருந்தில் வருகிறேன். பத்து மணிக்கு இருக்கவும்."

சொன்னபடி பத்துக்கு வந்தாள். நாற்பது வயது தாண்டியவள், குட்டை முடி, தோளில் கனமான பை. காலணியைக் கழற்றிவிட்டுத் தடித்த கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்து, எதிர் நாற்காலியில் தானாகவே உட்கார்ந்தாள்.

"காப்பி?"

"குடு. சர்க்கரை வேண்டாம். நீ இன்னும் வயசானவனா இருப்பேன்னு நெனச்சேன். உன் பதிலைப் படிச்சா எண்பது வயசுக்காரன் எழுதின மாதிரி இருக்கு."

காப்பியையும் ஏலக்காய் பன்னையும் வைத்தேன். பன்னை அவள் தொடவில்லை.

வடக்கே இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள நகரத்தில் அவள் வேலை. நடக்க முடியாதவர்கள், முதியவர்களை வீட்டிலிருந்து அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் வண்டிகளை ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறது. பதினெட்டு வருடம் அங்கே தொலைபேசியில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்பியவள் இல்வா. அந்த வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டபோது, அவளே படித்து அந்த மென்பொருளை எழுதுகிற பக்கத்துக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு பயணிக்கும் ஓர் ஆக்டர். பயணி எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று ஆக்டர் எழுதி வைத்துக்கொள்வான். எழுதுவது என் பதிவேட்டில்.

"இலையுதிர் காலத்துல ஒரு யோசனை வந்துச்சு," என்றாள். "யோசனை என்னோடதுதான். திரும்பி வர்ற பயணத்துல, ஆளுங்க எந்த வாசல்ல நிப்பாங்கன்னு வண்டிக்காரனுக்குத் தெரியறதில்ல. முன்வாசலா பின்வாசலான்னு தேடறதுக்குள்ள அவங்க குளிர்ல நிக்க வேண்டியிருக்கு. அதனால திரும்பும் பயணத்தோட வரியில 'எந்த வாசல்'னு ஒரு இடம் சேர்த்தோம்."

"நல்ல யோசனைதான்."

"முழுசாக் கேளு. போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையில புது மென்பொருளை ஏத்தி எல்லாத்தையும் நிறுத்தித் திரும்ப ஓடவிட்டோம். ஆக்டருங்க எல்லாம் எழுந்து பழைய வரிகளைப் படிச்சாங்க. போற பயணத்தோட வரி மாறல, அதனால படிச்சுட்டாங்க. திரும்பற பயணத்தோட பழைய வரியில 'எந்த வாசல்' இல்ல. படிக்க முடியல. படிக்க முடியாததை உன் மென்பொருள் என்ன செஞ்சுது தெரியுமா?"

தெரியும்.

"தாண்டிப் போயிடுச்சு. சத்தமே இல்லாம. எங்கேயோ மூலையில ஒரு எச்சரிக்கை வரி. யாரு பார்ப்பா? மாட்டினது பழைய ஆளுங்கதான், வாராவாரம் ஒரே நேரத்துக்குப் போறவங்க, வருஷக்கணக்கா முன்னால சொல்லி வெச்சவங்க. அறுபத்து மூணு பேர். எல்லாரையும் ஒழுங்காக் கொண்டுபோய் விட்டுச்சு. ஒருத்தரையும் திருப்பிக் கூட்டிட்டு வரல."

அவர்களில் அநேகம் பேர் கட்டடத்துக்குள் இருந்தார்கள், தொலைபேசி செய்தார்கள், வாடகைக் கார் அனுப்பப்பட்டது. ஒருவர் மட்டும் வெளியே நின்றார். யோர்டிஸ் ஓக்கர்ப்ளும், எழுபத்தொன்பது வயது. மூட்டுவலிக்காக ஒவ்வொரு செவ்வாயும் வெந்நீர் நீச்சல் குளத்தில் பயிற்சி. குளம் இரண்டு மணிக்குப் பூட்டப்படும். வண்டி எப்போதும் பின்வாசலுக்கு வரும் என்பதால் வழக்கம்போலப் பின்வாசலில் போய் நின்றார். கைப்பேசி வீட்டில். தலைமுடி ஈரம். பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரி. ஒரு கையுறை பையின் அடியில் எங்கோ இருந்தது, விறைத்துப்போன விரல்களால் அதைத் தேடி எடுக்க முடியவில்லை. ஐம்பது நிமிடம் கழித்து நாயோடு நடக்க வந்த ஒருவர் பார்த்திருக்கிறார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் இல்வா. "இடது கையில ஒரு விரல் கறுத்துப் போச்சு. நுனியை எடுக்கணும்னு சொல்றாங்க."

வெளியே பனி அள்ளும் வண்டி போகிற சத்தம் கேட்டது. நான் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நீ சந்தேகப்பட்டிருக்கே. அப்புறம் ஏன் ஏத்தினீங்க?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நானும் சொன்னேன். குழுத் தலைவர் உன் பதிலைத் திரையில போட்டுக் காட்டினார். 'இதை எழுதினவனே பச்சை வந்தாப் போதும்ங்கறான், உனக்கு என்ன இன்னும்?'னு கேட்டார். எட்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க. நான் தொலைபேசியிலேர்ந்து வந்தவ. அதுக்கு மேல வாயைத் திறக்கல."

வைவதற்காக வந்தாளா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் பையிலிருந்து கணினியை எடுத்தாள்.

"வரி எதுவும் அழியல. படிக்கலை, அவ்வளவுதான். இப்போ ஆளுங்களை வெச்சுக் கையால ஓட்டிட்டு இருக்கோம், தொலைபேசியில பழைய மாதிரி. திங்கட்கிழமைக்குள்ள சரி பண்ணணும். ஆனா இந்தத் தடவை சோதனை எழுதாம நான் எதையும் ஏத்த மாட்டேன். உனக்குத்தான் உள்ளே என்ன இருக்குன்னு தெரியும். உக்காரு."

உட்கார்ந்தோம். பெயர்களை மாற்றிய பழைய பதிவேட்டின் நகலைக் கொண்டுவந்திருந்தாள். செய்ய வேண்டியது எளிதுதான். ஓர் ஆக்டரை எழுப்பு, பழைய வரிகள் உள்ள உண்மையான வட்டைக் கொடு, கொல்லு, மறுபடி எழுப்பு, திரும்பும் பயணம் எத்தனை மணிக்கு என்று கேள். அவன் சரியாகச் சொன்னால் பச்சை. அக்டோபரிலேயே இருபது வரியில் எழுதிக் கொடுத்திருக்கக்கூடிய சோதனை. அவள் தட்டச்சு செய்தாள், நான் பக்கத்தில் இருந்து சொன்னேன். செத்தானா என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது என்று கேட்டாள். இரண்டு நொடி காத்திரு என்று சொல்லப் போய் நிறுத்திக்கொண்டேன். செத்தவன் கடைசியாக ஒரு செய்தி அனுப்புவான், அதற்காகக் காத்திருக்கலாம் என்று காட்டினேன்.

"இது கையேட்டுல எங்க இருக்கு?"

"இல்ல."

"ஏன்?"

"எழுத நேரம் இல்ல."

"பதினாலு பதிலையும் ஒட்ட நேரம் இருந்துச்சு," என்றாள். என் திரையில் அந்தக் கோப்பு திறந்து கிடந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

பதினொன்றரைக்குச் சோதனை ஓடியது. சிவப்பு. திரும்பும் பயணம் எப்போது என்று கேட்டதற்கு ஆக்டர் 'இல்லை' என்றான். குளத்தின் பின்வாசலில் அன்று நடந்ததற்குக் காரணம் இந்த ஒற்றைச் சொல்தான்.

வியாழக்கிழமை என்பதால், இந்த ஊர் வழக்கப்படி, கீழே உணவகத்தில் பட்டாணி சூப்பும் அப்பமும். அவள் பசியோடு சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்து, படிக்க முடியாத வரியைத் தாண்டிப் போகும் இடத்தை என் மென்பொருளுக்குள் தேடி எடுத்தேன். பக்கத்தில் என் கையாலேயே குறிப்பு எழுதியிருந்தது: "எழாமலே கிடப்பதைவிட, எப்படியோ எழுந்தால் போதும்."

"இது எப்போ எழுதினது?"

"எட்டு வருஷம் முன்னால. அதுக்கு முன்ன ஒரு வரி படிக்க முடியலைன்னாலும் மென்பொருள் எழாது, சத்தம் போட்டு நிக்கும். எங்கேயோ ஒரு தொலைபேசி நிறுவனத்துக்காரங்க மூணு வாரம் தினமும் எழுதினாங்க. எழ மாட்டேங்குது, எழ மாட்டேங்குதுன்னு. அவங்க வரிதான் தப்புன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. போங்கடான்னு மாத்திட்டேன்."

"போங்கடான்னு," என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பழைய வரியைப் பார்த்தால் 'எந்த வாசல்' என்ற இடத்தில் 'தெரியாது, ஓட்டுநர் கேட்கவும்' என்று நிரப்பிக்கொள்ளும்படி ஒரு மொழிபெயர்ப்பைச் சேர்த்தோம். சோதனை பச்சையானது. அவளுக்குப் போதவில்லை. அறுபத்து மூன்று பேரையும் ஒவ்வொருவராகக் கொன்று எழுப்பிப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தோம். அறுபத்தொன்று பச்சை. மீதி இரண்டில் இன்னும் பழைய வடிவம் ஒன்று இருந்தது, அதை அவள் நிறுவனத்தில் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அதையும் சரிசெய்தபோது மணி மூன்று. இல்வா அப்போதுதான் அந்த ஏலக்காய் பன்னைப் பிய்த்துத் தின்றாள். திங்கட்கிழமை அவர்கள் அதை ஏற்றினார்கள். ஒரு வண்டியும் தவறவில்லை.

என் பங்கு அதோடு முடியவில்லை. நடந்ததை, நிறுவனத்தின் பெயர் சொல்லாமல், மன்றத்தில் எழுதினேன். அக்டோபர் கேள்வியைத் திறந்து, நான் கொடுத்த பதில் தவறு என்று அதன் கீழே போட்டேன். இனிமேல் படிக்க முடியாத வரி இருந்தால் மென்பொருள் எழாது, எந்த வரி என்று சொல்லிவிட்டு நிற்கும் என்று மாற்றி வெளியிட்டேன். அடுத்த வாரம் தொண்ணூறு கேள்விகள். உலகத்தில் எத்தனை பேர் படிக்க முடியாத வரிகளோடு நிம்மதியாக இருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருவர் எழுதினார். என் மென்பொருளைத் தூக்கிப் போடப் போவதாக நாலைந்து பேர் மிரட்டினார்கள். ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்துப் பதில் எழுதினேன். நல்லவனாகிவிட்டதால் அல்ல. எதைத் தாண்டிப் போகலாம் என்று தீர்மானிக்கும் துணிச்சல் போய்விட்டது. பிப்ரவரி முழுக்க வீட்டுக்குப் போனால் சட்டையோடு படுத்துத் தூங்கினேன்.

மார்ச்சில் இல்வா தொலைபேசியில் கூப்பிட்டாள். "யோர்டிஸைப் பார்க்கப் போறேன். நீயும் வர்றியா?"

"நான் வந்து என்ன சொல்றது?"

"தெரியல. வா."

பேருந்தில் போனேன். நிலையத்தில் இல்வா காரோடு நின்றாள். யோர்டிஸின் வீடு மூன்றாம் மாடி, சன்னலிலிருந்து மர ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. நெடிய பெண்மணி. இடது மோதிர விரலில் கட்டு. இல்வாவை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பதினெட்டு வருடம் தொலைபேசியில் கேட்ட குரல்.

"இவன்தான் அந்தப் பதிவேட்டுக்காரனா?" என்று கேட்டார்.

"ஆமா. ஆனா தப்பு என்னோடது. வாசலைச் சேர்க்கச் சொன்னது நான்," என்றாள் இல்வா.

"இல்ல, என்னோடதுதான்," என்றேன்.

"ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போட்டு முடிச்சுட்டு வாங்க, நான் காப்பி வெக்கறேன்," என்றார் யோர்டிஸ். பிறகு தானே சிரித்தார். "அந்த ஆலையில முப்பத்தாறு வருஷம் பாரந்தூக்கி ஓட்டினேன். என் கூட வேலை பார்த்தவங்கள்ல பாதிப் பேருக்கு விரல் முழுசா இல்ல. நான் பத்து விரலோட வெளிய வந்தேன். கடைசியில நீச்சல் குளத்துல போய் ஒண்ணை விட்டுட்டு வந்திருக்கேன். சொன்னா யாரும் நம்பறதில்ல."

காப்பியும் பாலாடைக்கட்டியும் வைத்தார். சாப்பிட்டோம். செவ்வாய்க்கிழமைகளில் மறுபடி குளத்துக்குப் போகத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். வண்டி வருகிறது. இருந்தாலும் இப்போது உள்ளேயே நின்று சன்னல் வழியாகப் பார்க்கிறார். குளத்துக்காரர்கள் வண்டி வரும்வரை பூட்டுவதில்லை.

"அடுத்த செவ்வாயும் வருமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வரும்னு நம்பறேன்."

"நம்பறது எனக்கும் தெரியும்பா. வருமா?"

அறுபத்து மூன்று ஆக்டர்களையும் கொன்று எழுப்பிப் பார்த்ததைச் சொன்னேன். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இல்வா அதை மறுபடி செய்கிறாள் என்றும் சொன்னேன். அவர் காது கொடுத்துக் கேட்டார். "அப்போ தெரியாது," என்றார் முடிவில், கோபம் இல்லாமல். "சரி. அதுக்குத்தான் உள்ள நிக்கறேன்."

கிளம்பும்போது என் தோளைத் தட்டினார். "மன்னிப்புக் கேக்கத்தானே வந்தே? வந்ததுலேர்ந்து அதை மென்னுட்டே இருக்கே. என்கிட்ட வேண்டாம், எனக்குக் கேள்வி எதுவும் இல்ல. கேள்வி கேட்டவ இவதானே. இவகிட்டச் சொன்னியா?"

சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஊருக்கெல்லாம் எழுதினேன், மன்றத்தில் போட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காரில் ஏறியதும் சொன்னேன். சொல்வதற்கு அதிகம் இல்லை. படிக்காமலே பதில் போட்டேன், எட்டு பேர் முன்னால் அது அவள் வாயை அடைத்தது, அதற்காக வருந்துகிறேன் என்றேன்.

இல்வா கண்ணாடியில் படிந்த பனியைத் துடைப்பான் தள்ளும்வரை காத்திருந்தாள். "ம்," என்றாள். "சரி."

சாலையின் இருபுறமும் பனி அழுக்காகக் குவிந்திருந்தது. வெயில் இருந்தது, சூடு இல்லை. இருக்கை கதகதப்பாக இருந்தது. நான் தூங்கிவிட்டிருக்கிறேன். பேருந்து நிலையத்தில் அவள் முழங்கையால் இடித்து எழுப்பினாள்.

"எழுந்திரு டோர்கெல். உன் பஸ் நிக்குது."